நகம் பதியாத டயர்

அத்தியாயம் 14

ஜதுர்ஷிகா சாப்பாட்டு மேசையில் மூன்று பொருள்களை வைத்தாள். பேனா, உப்புப் போத்தல், கரண்டி.

பேனா பாதசாரிக் கடவை. உப்புப் போத்தல் றோஸ்மலர். கரண்டி கார்.

"இஞ்சை வரேக்கை அவவைக் கண்டிட்டன்," என்றாள். கரண்டியை இரண்டு விரல் அகலம் நகர்த்தினாள். "இஞ்சை பிறேக் பிடிச்சனான். மணிக்கு இருபத்தாறு மைல் வேகத்திலைதான் வந்தனான். அப்ப இஞ்சை நிண்டிருக்கவேணும்."

கரண்டி நிற்கவில்லை. உப்புப் போத்தல் சரிந்தது.

வசந்தமலர் போத்தலை நிமிர்த்தினாள். சிந்திய உப்பைக் கையால் கூட்டினாள்.

"காணும் பிள்ளை. பாணைச் சாப்பிடு."

"ஒருக்காவும் நிக்குதில்லை அம்மா."

விபத்து நடந்து இன்றோடு பதினொரு நாள். ஜனவரி ஐந்தாம் திகதி, மாலை ஐந்தரை மணி, மழை. பனி இல்லை, ஐஸ் இல்லை. எட்டுப் பாகை. ஜதுர்ஷிகா மருந்தகத்தில் வேலை முடித்து, லண்டனின் தென்கோடியிலுள்ள சட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். றோஸ்மலர் கடவையில் பாதி தூரம் வந்திருந்தார். அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. தலை வீதியில் அடிபட்டது. இன்னும் கண் திறக்கவில்லை.

கார் பொலிஸிடம் இருந்தது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை. கைது இல்லை. தானாகப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். சொல்வதெல்லாம் பதிவாகும்.

ஜதுர்ஷிகாவுக்கு இருபத்துமூன்று வயது. பயிற்சி மருந்தாளர். ஜூலையில் பதிவு. பெயரில் குற்றம் ஒன்று இருந்தால் அந்தப் பதிவு கிடைக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

"நான் பிறேக்கைப் பிந்திப் பிடிச்சிட்டன் எண்டு சொல்லப்போறன்," என்றாள்.

"லோயர் பிள்ளை என்ன சொன்னவ?"

"துசியந்தி அக்கா ஒண்டும் கதைக்கவேண்டாம் எண்டுறா. எழுதிக் குடுப்பமாம். அப்ப ஆரணிக்கு நான் என்ன சொல்லுறது?"

ஆரணி றோஸ்மலரின் மகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான்காம் நாள் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. நீ ஏன் நிற்கவில்லை. கேள்விக்குறி இல்லை. ஜதுர்ஷிகா இன்னும் பதில் எழுதவில்லை.

"பிறேக் செப்டெம்பரிலை மாத்தினது," என்று விரல்விட்டு எண்ணினாள். "டயர் ஒக்டோபரிலை போட்ட புதுசு. வேகம் இல்லை. போன் கையிலை இல்லை. எல்லாத்தையும் கழிச்சால் மிச்சம் நான்தானே?"

அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா அடுப்படி வாசலில் நின்றார். கையில் இருந்த தேநீர் ஆறிவிட்டது.

டயர் புதிது இல்லை. அந்த வீட்டில் அது அவருக்கு மட்டும் தெரியும்.

கோப்பையைக் கழுவி வைத்தார். சப்பாத்தைப் போட்டார்.

"எங்கை வெளிக்கிடுறீங்கள்?" என்றாள் வசந்தமலர்.

"எட்மண்டனுக்கு. ராசாவை ஒருக்காப் பாக்கவேணும்."

"இண்டைக்கோ?"

"மூண்டு மணிக்கு முன்னம் நேரை பொலிசுக்கு வந்திடுவன். நீர் பிள்ளையோடை இரும்."

வசந்தமலர் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உப்பைத் தொட்டியில் தட்டினாள்.

*

சட்டனிலிருந்து விக்டோரியா. அங்கிருந்து செவன் சிஸ்டர்ஸ். அங்கே இன்னொரு ரயில். லண்டனின் மறுகோடியிலுள்ள எட்மண்டன், கார் இருந்த காலத்திலும் தூரம்தான்.

அந்த நான்கு டயர்களும் ஜெர்மனியில் வாங்கியவை. ஹாகன் நகரில், 2012 இலையுதிர் காலத்தில்.

அங்கே அது வழக்கம். ஒக்டோபரில் குளிர்கால டயர் ஏறும். ஈஸ்டருக்கு இறங்கும். ஸ்ரீஸ்கந்தராஜா பத்தொன்பது வருடம் மலைப் பகுதியில் பார்சல் வான் ஓடினார். ஒரு கீறல் இல்லை. ஊரில் சைக்கிள் மட்டும் ஓடியவர். பனியில் கார் ஓடப் பழகியதைத் தன் வாழ்க்கையில் தானே சம்பாதித்த ஒன்றாக நினைத்தார்.

2014இல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று வந்தார்கள். வானில் கட்டில், குளிர்சாதனப் பெட்டி, சாமிப் படம், நான்கு சக்கரங்கள்.

கோயிலில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணை, லண்டனிலை பனி வருசத்துக்கு ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் ஒருத்தனும் வேலைக்குப் போறேல்லை. உங்களுக்கு என்னத்துக்கு விண்டர் டயர்?"

"பனிக்கு இல்லையடாப்பா. குளிருக்கு. ஏழு பாகைக்குக் கீழை போனால் கோடை டயர் இறுகிப்போம். பிறேக் பிடிச்சாலும் இழுக்கும்."

அது உண்மை. அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஜெர்மன் கார் பழுதானபோது, அந்தச் சக்கரங்கள் பொருந்தும் அதே வகைக் காரை லண்டனில் மூன்று மாதம் தேடி வாங்கினார். டயருக்குக் கார் வாங்கிய மனிதர் என்று மைத்துனன் கிருஷ்ணராசா ஊரெல்லாம் சொன்னான். வருடத்தில் ஐந்து மாதம் மட்டுமே ஓடியதால் டயர் தேயவில்லை. மேற்பரப்பின் வரிப்பள்ளம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் அதை அளந்து பார்ப்பார். ஒவ்வொரு வருடமும் மகிழ்வார்.

பிறகு கார் ஜதுர்ஷிகாவுக்குப் போனது.

போன ஒக்டோபரில் அவர் சக்கரங்களைக் கொட்டிலிலிருந்து உருட்டி வந்தபோது, அவள் குனிந்து பக்கவாட்டைப் பார்த்தாள். அங்கே சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள். 3912. போனில் படம் எடுத்தாள். எதையோ தேடி வாசித்தாள்.

"அப்பா, இது 2012ஆம் வருசம் முப்பத்தொன்பதாம் கிழமை செய்தது. நான் அப்ப அஞ்சாம் வகுப்பு."

"பள்ளத்தைப் பார். ஏழு மில்லிமீட்டர்."

"பள்ளம் இல்லை அப்பா. ரப்பர். ரப்பர் கிழடாப்போம். லண்டனுக்கு விண்டர் டயரே தேவையில்லை. ஓல் சீசன் நாலு போட்டிட்டு வருசம் முழுக்க விடுங்கோ."

"எல்லாப் பருவத்துக்கும் எண்டுறது ஒண்டுக்கும் உதவாது."

"அப்ப புது விண்டர் டயர் வாங்குங்கோ. இதிலை நான் ஓடமாட்டன்."

மூன்று நாள் சண்டை. நான்காம் நாள் அவர் இறங்கி வந்தார். கிருஷ்ணராசா மாமாவின் டயர் கடையில் புதிது போட்டு வருகிறேன் என்றார். உண்மையிலேயே அந்த எண்ணத்தோடுதான் பழைய சக்கரங்களையும் ஏற்றிக்கொண்டு எட்மண்டன் போனார்.

பழைய சக்கரங்களோடு திரும்பி வந்தார். நான்கும் காரில் பூட்டியிருந்தன.

"புதுசோ அப்பா?"

"ஓம். புதுசு."

இப்போது அவர் கிருஷ்ணராசாவிடம் கேட்கப் போவது ஒரே கேள்வி. அதற்கு இல்லை என்ற பதில் வந்தால், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம்.

*

வீட்டில் வசந்தமலர் மகளின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

"கறுப்புக் கால்சட்டை போடு. மருந்துக்கடைக்குப் போடுறது."

"இன்ரர்வியூக்குப் போற மாதிரி இருக்கு."

"பின்னை? அவையும் மனுசர்தானே. வடிவா வெளிக்கிட்டுப் போனால் ஒரு மரியாதை."

ஜதுர்ஷிகா சிரித்தாள். பதினொரு நாளில் முதல் தடவை. சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, அவ என்னைப் பாத்தவ. கை காட்டினவ. நில்லு எண்டு இல்லை. தாங்ஸ் எண்டு. நான் நிப்பன் எண்டு நினைச்சுக் கை காட்டினவ."

இஸ்திரிப்பெட்டி சட்டையின் மேல் நின்றது. வசந்தமலர் அதைத் தூக்க மறந்தாள். பிறகு தூக்கினாள். காலரில் மெல்லிய மஞ்சள்.

"வேறை சட்டை எடு பிள்ளை."

போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயர்.

கிருஷ்ணராசா வசந்தமலரின் ஒரே தம்பி. தாய் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவனை வளர்த்தாள். ஜெர்மனிக்கு எடுத்தாள். கல்யாணம் செய்துவைத்தாள்.

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

ஜதுர்ஷிகா வேறு சட்டைக்குப் பொத்தான் பூட்டினாள். கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"ஓம்… ஓம்… அவர் இப்ப வெளிக்கிட்டிட்டாரோ?… எப்பிடியடா ராசா?… அழாதை. நீ முதல் அழாதை."

மாமா தனக்காக அழுகிறார் என்று ஜதுர்ஷிகா நினைத்தாள்.

வசந்தமலர் நீண்ட நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"மாமா என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை. உனக்காகக் கும்பிடுறானாம்."

*

அந்த அழைப்புக்கு அரை மணி நேரத்துக்கு முன்.

கிருஷ்ணராசாவின் டயர் கடை எட்மண்டனில் ஒரு தளபாடக் கிடங்கின் பின்னால் இருந்தது. இரண்டு தூக்கிகள், ஒரு சமநிலை இயந்திரம், சுவரில் முருகன் நாட்காட்டி. ஸ்ரீஸ்கந்தராஜா உள்ளே வந்தபோது, அவன் ஒரு இளைஞனோடு பேசிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். அவர் வந்ததைக் கவனிக்கவில்லை.

"ராசா அண்ணை, விண்டர் டயர் வாங்குறது பிரியோசனமோ இல்லையோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

"கௌசிக், நீ ஸ்கொட்லாந்துக்குக் குடிபோறியோ?"

"இல்லை."

"மலையிலை பொம்பிளை பாத்திருக்கோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"அப்ப ஓல் சீசன் போடு. லண்டனுக்கு அது காணும். ஆனா ஒண்டு. எங்கை வாங்கினாலும் வருசத்தைப் பார். பள்ளத்தைப் பாத்து ஏமாறாதை. நகத்தாலை அமத்து. பதியேல்லை எண்டால் ரப்பர் செத்துப்போச்சு. பத்து வருசம் தாண்டினதைச் சும்மா தந்தாலும் நான் என்ரை பிள்ளையை அதிலை ஏத்தன்."

திரும்பினான். அத்தானைக் கண்டான்.

கௌசிக் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கிருஷ்ணராசா கையைத் துணியில் துடைத்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"வாங்கோ அத்தான். தேத்தண்ணி போடட்டோ?"

"உன்ரை பிள்ளையை ஏத்தமாட்டாய்."

கிருஷ்ணராசா துணியை மடித்தான்.

"அண்டைக்கு இதை எனக்குச் சொல்லேல்லையே ராசா."

"நீங்கள் கேக்கேல்லை."

"கேக்காட்டில் சொல்லமாட்டியோ? அவன் ஆர்? வழியிலை போறவன். அவனுக்குச் சொல்லுறாய்."

"அவன் வழியிலை போறவன் அத்தான். அவனுக்குச் சொல்லலாம்." துணியை மேசையில் வைத்தான். "நான் ஹாகனுக்கு வரேக்கை எனக்குப் பத்தொன்பது. உங்கடை ஹோலிலை நாலு வருசம் படுத்தனான். நீங்கள்தான் பேப்பர் எழுதினது, வேலை எடுத்துத் தந்தது, லைசன்சுக்கு ஓட்டிப் பழக்கினது. அத்தான், நீங்கள் செய்யிறது பிழை எண்டு எந்த வாயாலை சொல்லுறது? அண்டைக்குப் புது டயர் நாலும் இறக்கி வைச்சனான். நீங்கள் பழசைத் தடவிக்கொண்டு நிண்டனீங்கள். இதை எறிய மனம் வரேல்லை ராசா, இதையே போடு எண்டனீங்கள். போட்டனான்."

"ரப்பர் எப்பிடி இருந்தது?"

"அதை ஏன் இப்ப?"

"கேக்கிறன். சொல்லு."

"கல்லு."

தெருவில் ஒரு பஸ் போனது. கண்ணாடி அதிர்ந்தது.

"நீங்களும் அமத்திப் பாத்தனீங்கள்," என்றான் கிருஷ்ணராசா மெதுவாக. "பெருவிரலாலை. நகம் பதியேல்லை. நான் கண்டனான். பிறகுதானே பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கவேணும், கறுப்புப் பூசிவிடு எண்டு சொன்னனீங்கள்."

அது உண்மை. பூசியதும் நான்கும் பளபளத்தன. கடை வாசலில் நின்று பார்த்து இருவரும் சிரித்தார்கள். ஜெர்மன்காரன் செய்தது என்றால் செய்ததுதான் என்று அவர் சொன்னார்.

"மழை. இருபத்தாறு மைல். புது டயர் எண்டால் நிண்டிருக்குமோ?"

இதைக் கேட்கத்தான் வந்தார்.

"அத்தான்…"

"நிண்டிருக்குமோ இல்லையோ?"

கிருஷ்ணராசா நிலத்தைப் பார்த்தான்.

"பிள்ளை சொன்ன இடத்திலை பிடிச்சிருந்தால் நிண்டிருக்கும். ஒரு கார் நீளம் மிச்சமும் இருந்திருக்கும்."

ஸ்ரீஸ்கந்தராஜா இருக்கையில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் உட்காரும் இருக்கை. பக்கத்தில் பழைய வாரப் பத்திரிகைகள்.

கிருஷ்ணராசா அவர் முன்னால் குந்தினான்.

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பள்ளம் சட்டத்துக்கு ஒண்டு தசம் ஆறு மில்லிமீட்டர் காணும். இதிலை ஏழு இருக்கு. கார் டயருக்கு வருசக் கணக்கிலை சட்டம் இல்லை. பொலிஸ் பாத்தாலும் பள்ளத்தை அளந்திட்டு விடலாம். நீங்கள் வாய் திறந்தால்தான் வருசத்தைப் பாப்பாங்கள். பிறகு ஆர் பூட்டினது எண்டு கேப்பாங்கள். ஆர் கறுப்புப் பூசினது எண்டு கேப்பாங்கள். கடை போயிடும் அத்தான்."

"பிள்ளை தான் பிந்திப் பிடிச்சனான் எண்டு சொல்லப்போறாள்."

"சொல்லட்டும். சின்னப் பிள்ளை. முதல் தரம். பெரிசா ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

"றோஸ்மலர் செத்துப்போனால்?"

கிருஷ்ணராசா எழுந்தான்.

"அவளுக்கு அது பொய் எண்டு தெரியாது ராசா. அவள் அதை நம்பிக்கொண்டு சொல்லப்போறாள். கிழவியாகுமட்டும் நம்புவாள்."

அவர் வெளியே வந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணராசா கடை வாசலில் நின்று போனைக் காதில் வைத்திருந்தான்.

செவன் சிஸ்டர்சில் இறங்கி வசந்தமலரை அழைத்தார். அவள் வேறு அழைப்பில் இருந்தாள். விக்டோரியாவில் மறுபடி அழைத்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

*

பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு நாற்பதுக்கு வந்து சேர்ந்தார்.

சிறிய அறை ஒன்றைச் சட்டத்தரணிக்குக் கொடுத்திருந்தார்கள். நான்கு நாற்காலி, ஒரு மேசை. துசியந்தி கோப்பை விரித்து வைத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். லண்டனில் பிறந்தவள். யாழ்ப்பாணத் தமிழை ஆங்கில மூச்சில் பேசினாள்.

"அங்கிள், வாங்கோ. இருவது நிமிசம் இருக்கு. நாங்கள் எழுதினதை ஒருக்கா வாசிக்கிறன்."

"அதுக்கு முன்னம் நான் ஒண்டு சொல்லவேணும்."

வசந்தமலர் தலையை நிமிர்த்தினாள்.

"இஞ்சேருங்கோ. இப்ப வேண்டாம்."

அவர் அவளைப் பார்த்தார். யார் அவளை அழைத்திருப்பார்கள் என்பது அவருக்கு விளங்கியது. தெரிந்தும் அவள் மகளுக்குச் சொல்லவில்லை என்பதும் விளங்கியது.

"பிள்ளை, டயர் புதுசில்லை," என்றார்.

ஜதுர்ஷிகாவுக்கு அது காதில் விழுந்தது. பொருள் பிடிபடவில்லை.

"என்ன டயர்?"

"காரிலை இருக்கிற டயர். அது அந்த 2012தான். நான் மாத்தேல்லை. மாத்தினனான் எண்டு உனக்குப் பொய் சொன்னனான். பழசுக்குக் கறுப்புப் பூசிக் கொண்டு வந்தனான். ரப்பர் இறுகிப்போச்சு. எனக்கு அது அண்டைக்கே தெரியும். நீ பிந்திப் பிடிக்கேல்லை. புது டயர் எண்டால் நீ பிடிச்ச பிடிக்குக் கார் நிண்டிருக்கும்."

துசியந்தியின் பேனா நின்றது.

"அங்கிள், நான் உங்கடை லோயர் இல்லை. ஜதுர்ஷிகாவின்ரை லோயர். இதை நீங்கள் சொன்னால் உங்களுக்கு எதிரா வரும்."

"வரட்டும்."

ஜதுர்ஷிகா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"எப்ப இருந்து நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்? டயர்தான் காரணமெண்டு?"

"அண்டைக்கு இரவே."

"பதினொரு நாள்."

"ஓம்."

"நான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னாலை இருந்து கேட்டனான். ஏன் நிக்கேல்லை, ஏன் நிக்கேல்லை எண்டு. நீங்கள் வாசல்லை நிண்டு பாத்தனீங்கள்."

"ஓம்."

"வேறை ஒண்டும் சொல்லமாட்டீங்களோ?"



அவள் நாற்காலியை அரை அடி நகர்த்தினாள். அவர் பக்கத்திலிருந்து அப்பால்.

துசியந்தி கோப்பை மூடினாள். புதிய தாள் ஒன்றை எடுத்தாள். குரல் தணிந்தது, வேகமானது.

"ஜது, இஞ்சை பார். பிறகு அழலாம், பிறகு சண்டை பிடிக்கலாம். இப்ப ஒரு கேள்வி. இந்த டயர் பழசு எண்டு நீ எப்பவாவது எழுத்திலை சொன்னனீயோ?"

"ஒக்டோபரிலை. படம் எடுத்து ஃபமிலி குரூப்பிலை போட்டனான். அந்த நம்பர் வடிவாத் தெரியும். இது பதின்மூண்டு வருசப் பழசு, டேஞ்சர் எண்டு எழுதினனான்."

"உன்ரை போனைப் பொலிஸ் கொப்பி எடுத்துத்தானே திருப்பித் தந்தது?"

"ஓம்."

துசியந்தி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"அப்ப அது அவையிட்டை இருக்கு. டயரின்ரை வருசத்தைப் பாத்தினம் எண்டால் அந்த மெசேஜைத்தான் முதல் எடுப்பினம். டேஞ்சர் எண்டு தெரிஞ்சும் மூண்டு மாசம் ஓடினவ. பிந்திப் பிறேக் பிடிச்சதை விட அது மோசம். விளங்குதோ?"

"ஆனா நான் புதுசு எண்டு நினைச்சுத்தானே…"

"அதைத்தான் காட்டவேணும். அங்கிள், புதுசு போட்டிட்டன் எண்டு எப்பிடிச் சொன்னனீங்கள்? மெசேஜிலையோ?"

"இல்லை. வாயாலை. அடுப்படியிலை."

"டயர் மாத்தினது உங்கடை மச்சான்ரை கடையிலை எண்டு ஜது சொன்னவ. அவர் சொல்லுவாரோ? பழசைப் பூட்டி மறைச்சது எண்டு?"

ஸ்ரீஸ்கந்தராஜா தலையசைத்தார். இல்லை.

"அப்ப நீங்கள் சொல்லுறது மட்டும்தான் இருக்கு. தேப்பன் மகளைக் காப்பாத்தக் கதை கட்டுறார் எண்டு சொல்லுவினம். நானே அந்தப் பக்கம் இருந்தால் அப்பிடித்தான் சொல்லுவன். அங்கிள், யோசிச்சுச் சொல்லுங்கோ. அடுப்படியிலை நீங்கள் சொல்லேக்கை வேறை ஆரும் நிண்டவையோ?"

கதவு தட்டப்பட்டது. ஒரு பெண் அதிகாரி தலையை நீட்டினாள். ஐந்து நிமிடத்தில் தொடங்கலாமா என்றாள். துசியந்தி கையைக் காட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

"நிண்டவ," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "வசந்தமலர் நிண்டவ. வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டவ. புதுசு எண்டு சொல்ல, நல்லதாப் போச்சு, இனிப் பயமில்லை எண்டு சொன்னவ."

மூவரும் திரும்பினார்கள்.

வசந்தமலர் கைப்பையை மடியில் வைத்திருந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண் மகளின் சட்டையில் இருந்தது. இரண்டாவதாக எடுத்த சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதிலிருந்து மேலே போகவில்லை.

"அம்மா," என்றாள் ஜதுர்ஷிகா.

துசியந்தி பேனாவைத் தாளில் வைத்தாள்.

"அன்ரி, அண்டைக்கு அங்கிள் காரைக் கொண்டு வந்து…"

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள் வசந்தமலர்.

கேள்வி இன்னும் முடிந்திருக்கவில்லை.